நூற்றுக்கு ஒரு பங்கு

(புதுச்சேரியில் நிகழ்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



1941-இல் நாக்பூரில் இந்திய அறிவியல் அகாதெமியின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. அதில் சர் சி. வி. ராமன் முப்பத்திரண்டு வயது இளைஞர் ஒருவரை அவைக்கு அறிமுகப்படுத்தினார். இசையில் தோய்ந்தவர், தேர்ந்த ஓவியர், பொறியாளர், விஞ்ஞானி என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, நம் காலத்து லியனார்டோ டா வின்சி என்றே இவரைச் சொல்லலாம் என்று முடித்தார். அந்த இளைஞர் ஹோமி ஜஹாங்கீர் பாபா. ராமன் வாயால் பாராட்டு வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை என்பது அவரோடு பழகியவர்கள் எல்லாரும் சொன்ன விஷயம். அதனால் அந்த ஒப்பீடு அப்படியே நிலைத்துவிட்டது. பாபாவைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றும் அதில்தான் தொடங்குகிறார்கள். நானும் அதில்தான் தொடங்கியிருக்கிறேன், ஆனால் அதோடு சண்டை போடுவதற்காக.

லியனார்டோ எதற்காக வரைந்தார்? தெரிந்துகொள்வதற்காக. தசைநார் எலும்பில் எங்கே ஒட்டுகிறது, தண்ணீர் ஒரு தடுப்பில் மோதி எப்படிச் சுழிக்கிறது என்பதையெல்லாம் அவர் வரைந்து வரைந்தே கண்டுபிடித்தார். அவருடைய ஆராய்ச்சிக் கருவியே அந்தக் கைதான். பாபாவின் கை அப்படி வேலை செய்யவில்லை. அவருடைய ஓவியம் ஒரு பக்கமும் இயற்பியல் ஒரு பக்கமுமாகவே வளர்ந்தன. இரண்டும் ஓரிடத்தில் சேர்ந்தது உண்மைதான். ஆனால் அது ஆய்வுக் கட்டுரையிலும் இல்லை, கித்தானிலும் இல்லை. எங்கே என்பதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

முதலில் ஆளைப் பற்றி. 1909 அக்டோபர் 30-இல் பம்பாயில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா வழக்கறிஞர். அத்தை மெஹர்பாய், ஜாம்ஷெட்பூர் எஃகு ஆலையை நிறுவிய குடும்பத்தின் சர் தோராப்ஜி டாட்டாவுக்கு வாழ்க்கைப்பட்டவர். வீட்டில் நல்ல நூலகம் இருந்தது, பீத்தோவன், மொசார்ட் இசைத்தட்டுகள் இருந்தன, ஓவியம் கற்றுக்கொடுக்க ஆசிரியர் இருந்தார். இதைச் சொல்லாமல் பாபாவின் பன்முகத் திறமை என்று பேசிக்கொண்டு போவது நேர்மையாகாது. பாகூரில் ஒரு கூலித் தொழிலாளி வீட்டுப் பெண்ணுக்கும் இதே கை, இதே காது, இதே மூளை இருக்கலாம். இசைத்தட்டும் ஆசிரியரும் இருக்காது.

1927-இல் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பப்பட்டார். இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு வந்து ஜாம்ஷெட்பூர் ஆலையில் பொறுப்பேற்க வேண்டும் என்பது அப்பாவும் தோராப்ஜியும் போட்ட திட்டம். மறு ஆண்டே பையனிடமிருந்து கடிதம் வந்தது. எனக்கு இயற்பியல்தான் வேண்டும், வேறு எதிலும் மனம் ஒட்டவில்லை என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தில் என்னைக் கவர்ந்தது, தன் கட்சியைச் சொல்ல அவர் எடுத்துக்கொண்ட உதாரணம். விஞ்ஞானம் உயர்ந்தது, ஆகவே நீ விஞ்ஞானி ஆகு என்று பீத்தோவனிடம் போய்ச் சொல்வதில் என்ன அர்த்தம் இருக்கிறது என்று கேட்டிருந்தார். இயற்பியல் படிக்க அனுமதி கேட்கும் பையன் இசைக் கலைஞனைச் சாட்சிக்கு அழைக்கிறான். நியூட்டனை அழைத்திருக்கலாம், தோன்றவில்லை.

அப்பா ஒரு பேரம் பேசினார். பொறியியலில் முதல் வகுப்பு வாங்கு, பிறகு கணிதம் படிக்கச் செலவு செய்கிறேன் என்றார். 1930-இல் பொறியியலிலும் 1932-இல் கணிதத்திலும் முதல் வகுப்பு. நம் வீடுகளில் இந்தப் பேரம் வேறு மாதிரி நடக்கும். முதலில் வேலை வாங்கு, பிறகு வரைந்துகொள் என்போம். அந்தப் ‘பிறகு’ வருவதற்குள் பணி ஓய்வு ஆணை வந்துவிடும்.

கேம்பிரிட்ஜில் அவர் சும்மா படிக்கவில்லை. ஸ்பானிய நாடகாசிரியர் கால்டெரோனின் நாடகத்துக்கும் மொசார்ட்டின் ‘இடொமெனியோ’ இசை நாடகத்துக்கும் மேடைக் காட்சிகளை வடிவமைத்தார். எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார், பென்சிலில் உருவப்படங்கள் வரைந்தார். அவர் இறந்தபின் 1968-இல் தம்பி ஜம்ஷெட் பாபா அந்த ஓவியங்களைத் தொகுத்து ‘ஹோமி பாபா ஆஸ் ஆர்ட்டிஸ்ட்’ என்ற நூலாக ‘மார்க்’ பதிப்பகத்தின் வழியே கொண்டுவந்தார். ஒளிவுமறைவில்லாமல் என் கருத்தைச் சொல்கிறேன். பயிற்சி பெற்ற கை, கூர்ந்த கண், சந்தேகமில்லை. ஆனால் இவர் விஞ்ஞானியாக இல்லாமல் போயிருந்தால் ஓவிய வரலாற்றில் ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பார்களா என்றால், மாட்டார்கள். இயற்பியலில் அப்படியில்லை. அங்கே அவருக்கு நிரந்தரமான இடம் இருக்கிறது.

அந்த இடம் எது என்று மாணவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மிகுந்த ஆற்றலோடு ஓர் எலெக்ட்ரான் ஈயத் தகட்டுக்குள் நுழைகிறது. அணுக்கருவின் பக்கத்தில் அதன் வேகம் தடைப்படுகிறது, இழந்த ஆற்றல் ஒரு ஃபோட்டானாக வெளியேறுகிறது. அந்த ஃபோட்டான் இன்னோர் அணுக்கருவின் அருகே போய்த் தான் மறைந்து, ஓர் எலெக்ட்ரானையும் ஒரு பாசிட்ரானையும் பெற்றுப் போடுகிறது. அவை இரண்டும் மறுபடி ஃபோட்டான்களை உமிழ்கின்றன. ஈயத்தில் இந்த ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய அரை சென்டிமீட்டர் போதும். ஒவ்வொரு தலைமுறையிலும் எண்ணிக்கை இரட்டிக்கிறது, தலைக்குக் கிடைக்கும் ஆற்றல் பாதியாகிறது. பத்துத் தலைமுறையில் வம்சவிருட்சம் ஆயிரம் கிளை விட்டிருக்கும். பங்கு சிறுத்துச் சிறுத்துப் பெற்றுப்போட ஆற்றல் இல்லாத கட்டம் வந்ததும் இந்தத் துகள் மழை நின்றுவிடும். விண்வெளியிலிருந்து வரும் பிரபஞ்சக் கதிர்கள் காற்று மண்டலத்தில் இப்படித்தான் பொழிகின்றன. பாபாவும் ஜெர்மனியிலிருந்து வெளியேறி வந்திருந்த வால்டர் ஹைட்லரும் சேர்ந்து 1937-இல் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். அதே ஆண்டு அமெரிக்காவில் கார்ல்சனும் ஓப்பன்ஹைமரும் தனியாக அதே முடிவுக்கு வந்திருந்தார்கள். இந்தப் பொழிவுக் கணக்கில் அடங்காமல் தடித்த ஈயத்தையும் துளைத்துக்கொண்டு போகும் கதிர்களுக்கு எலெக்ட்ரானைவிடக் கனமான வேறொரு துகள் இருந்தாக வேண்டும் என்பதும் இதிலிருந்து துலங்கியது.

அதற்குமுன் எலெக்ட்ரானும் பாசிட்ரானும் மோதிச் சிதறுவதை அவர் கணக்கிட்டிருந்தார். உலகம் அதை ‘பாபா சிதறல்’ என்கிறது. ஜெனீவாவில் செர்ன் கூடத்தின் எல்.இ.பி. மோதற்பொறியில் இரண்டு கற்றைகள் எத்தனை முறை உரசிக்கொள்கின்றன என்பதை அளக்க இந்தச் சிதறலைத்தான் அளவுகோலாக வைத்திருந்தார்கள்.

இதில் ஓவியம் எங்கே இருக்கிறது? தேடினாலும் கிடைக்காது. துகள்களின் தடம் காட்டும் மேகக் கூடத்தில் எடுத்த நிழற்படங்களில் அந்தப் பொழிவு பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் சமன்பாட்டுக்குத் தூரிகை தேவைப்படவில்லை. ‘கலைஞனாக இருந்ததால்தான் அவரால் இந்த இயற்பியலைச் செய்ய முடிந்தது’ என்று மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். ஓப்பன்ஹைமரோடு அதே கணக்கைப் போட்ட கார்ல்சனுக்கு எந்த ஓவிய ஆசிரியர் இருந்தார் என்று யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.

கலை, இயற்பியலுக்குள்ளேயே நுழைந்த ஆள் ஒருவர் இருந்தார். அவர் பாபா இல்லை, பாபாவை அறிமுகப்படுத்திய ராமன். மிருதங்கத்தின் வலந்தலையைப் பாருங்கள். நடுவில் கறுப்பாகக் கரணை அப்பியிருக்கும். வெறும் தோலை இழுத்துக் கட்டித் தட்டினால் எழும் மேல்சுரங்கள் அடிப்படைச் சுரத்தின் 1.59 மடங்கு, 2.14 மடங்கு, 2.30 மடங்கு என்று கோணல்மாணலாக வரும். காதுக்கு அது இரைச்சல்தான், சுருதி நிற்காது. கரணையைச் சரியான கனத்தில், சரியான அகலத்தில், ஓரத்துக்குப் போகப் போக மெலிந்து வரும்படி ஏற்றினால் அதே மேல்சுரங்கள் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு, ஐந்து என்று ஒழுங்குக்கு வந்துவிடுகின்றன. 1920-லும் பிறகு 1934-லும் ராமன் இதை ஆராய்ந்து எழுதினார். தோலின்மேல் நுண்மணல் தூவி, அது ஒதுங்கி நிற்கும் கோடுகளை வைத்து ஒன்பது அதிர்வு வகைகள் ஐந்து சுரங்களுக்குள் அடங்கிவிடுவதைக் காட்டினார். மிருதங்கம் கட்டும் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகக் காதால் கண்டுபிடித்து வைத்திருந்ததற்கு அவர் கணக்கு எழுதினார், அவ்வளவுதான். வயலின் தந்தி, வீணையின் குதிரை, மலர்களின் நிறம் என்று அவருடைய இயற்பியல் முழுக்கக் காது வழியாகவும் கண் வழியாகவும் உள்ளே வந்தது. லியனார்டோ பட்டத்தை அவர் நாக்பூரில் வேறொருவருக்குக் கொடுத்திருக்க வேண்டியதில்லை. ராமன் தன்னடக்கத்துக்குப் பேர் போனவரும் இல்லை என்பதால் இது இன்னும் வேடிக்கை.

சரி, பாபாவிடம் கலையும் இயற்பியலும் எங்கே சேர்ந்தன? 1939-இல் விடுமுறைக்கு வந்தவர் உலகப் போர் மூண்டதால் திரும்பிப் போகவில்லை. பெங்களூரில் ராமன் இருந்த இந்திய அறிவியல் நிறுவனத்தில் சேர்ந்தார். 1944 மார்ச்சில் டாட்டா அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் எழுதினார். அடிப்படை ஆராய்ச்சிக்கு ஒரு கூடம் வேண்டும், இன்னும் இருபதாண்டில் அணுசக்தி மின்சாரம் தரும் காலம் வரும்போது நிபுணர்களைத் தேடி நாம் வெளிநாடு போகும்படி இருக்கக்கூடாது என்று கேட்டிருந்தார். ஹிரோஷிமாவுக்கு ஓராண்டுக்கும் முந்தைய கடிதம் அது. 1945 ஜூனில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் பெங்களூரில் தொடங்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் பம்பாய்க்கு, உறவினர் ஒருவரின் வீட்டுக்கு இடம் மாறியது. அதன்பின் 1948-இல் அணுசக்தி ஆணையத்தின் தலைமை, 1955-இல் ஜெனீவாவில் அணுசக்தி பற்றிய உலக மாநாட்டின் தலைமை, 1956-இல் அப்சரா அணு உலை என்று அடுக்கிக்கொண்டே போகலாம். பள்ளிப் பாடத்தில் இருப்பதுதான், விட்டுவிடுகிறேன்.

பாடத்தில் இல்லாதது, கொலாபாவில் கடலோரமாக அந்த நிறுவனத்துக்குக் கட்டிடம் எழுப்பிய கதை. 1954-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1962 ஜனவரியில் அவரே திறந்துவைத்தார். இடைப்பட்ட எட்டாண்டுகளில் பாபா வெறும் இயக்குநராக இருக்கவில்லை. சிகாகோவிலிருந்து வந்த ஹெல்முட் பார்ட்ஷ் என்ற கட்டிடக் கலைஞரோடு உட்கார்ந்து, எந்தச் சன்னலிலிருந்து கடல் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதுவரை அவர் பார்த்தார். தோட்டத்தில் எந்த மரம் எங்கே நிற்க வேண்டும் என்பதையும் அவரே தீர்மானித்தார். வளர்ந்த மரங்களை வெட்ட விடாமல் வேரோடு பெயர்த்து வேறு இடத்தில் நடச் செய்தார்.

சுவர்களுக்கு வருவோம். நிறுவனத்தின் செலவுத் தொகையில் நூற்றுக்கு ஒரு பங்கை ஓவியமும் சிற்பமும் வாங்க ஒதுக்க வேண்டும் என்று நேருவிடம் அனுமதி வாங்கினார். ஹுசைன், ரஸா, கெய்டோண்டே, தயேப் மேத்தா, ஆரா, ஹெப்பார் என்று இன்று ஏலக் கூடங்களில் கோடிகளில் பேசப்படும் பெயர்களை, அவை சில நூறு ரூபாய்க்கும் சில ஆயிரம் ரூபாய்க்கும் கிடைத்த காலத்தில் அவர் தேடித் தேடி வாங்கினார். முகப்புக் கூடத்துச் சுவருக்கு ஹுசைன் தீட்டிய ‘பாரத பாக்ய விதாதா’ 45 அடி நீளம், 9 அடி உயரம். காலையில் எண்கோட்பாட்டுக்காரரும் துகள் இயற்பியல் மாணவரும் தேநீர் கொண்டுவரும் ஊழியரும் அதைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். அருங்காட்சியகத்துக்குப் போகிறவன் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தோடு போகிறான். இங்கே பார்க்கும் எண்ணமே இல்லாதவன் கண்ணிலும் படும். அரசாங்க ஆராய்ச்சிக் கூடம் என்றால் பச்சை டிஸ்டெம்பரும் இரும்புப் பீரோவும் என்றிருந்த நாட்டில் இது நடந்தது.

என் கட்சி இதுதான். பாபாவின் பெரிய ஓவியம் அந்தக் கட்டிடம். அவருடைய கலை, தேர்ந்தெடுக்கும் கலையாக மாறியது. மரத்தைத் தேர்ந்தெடுத்தார், சித்திரத்தைத் தேர்ந்தெடுத்தார், அதே கண்ணோடு ஆட்களையும் தேர்ந்தெடுத்தார். அணு இயற்பியலாளர் ராஜா ராமண்ணாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1944-இல் மைசூரில், லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் தேர்வாளர் ஒருவர் வழியாகத்தான் இருவருக்கும் அறிமுகமாயிற்று. பியானோ வாசிக்கும் பையன் இயற்பியலும் படிக்கிறான் என்பது பாபாவுக்குக் குறையாகப் படவில்லை, தகுதியாகவே பட்டது. ராமண்ணா கடைசிவரை பியானோவை விடவில்லை. ராகத்தையும் மேற்கத்திய இசையையும் ஒப்பிட்டு 1993-இல் ஒரு நூலும் எழுதினார். நம் பக்கத்தில் அல்லாடி ராமகிருஷ்ணன் இருந்தார். புகழ்பெற்ற வழக்கறிஞரின் மகன், சட்டத்துக்கே போக இருந்தவர். 1943-இல் சென்னையில் மீசான் துகள் பற்றி பாபா பேசியதைக் கேட்டு இயற்பியலுக்குத் திரும்பினார். பிறகு பாபாவோடு சேர்ந்து அந்தப் பொழிவுக் கணக்கையே மேற்கொண்டு நடத்தி, 1962-இல் சென்னையில் கணித அறிவியல் நிறுவனத்தை உருவாக்கினார்.

விலை ஒன்றும் கொடுக்காமல் இது நடக்கவில்லை. ஐம்பதுகளின் நடுவிலிருந்து பாபாவின் ஆய்வுக் கட்டுரைகள் ஏறத்தாழ நின்றுவிட்டன. கோப்புகளுக்கும் விமானப் பயணங்களுக்கும் நடுவே தூரிகைக்கு எவ்வளவு நேரம் கிடைத்திருக்கும்? ஒருவர் இரண்டு துறையிலும் உச்சிக்குப் போகலாம் என்று மாணவர்களுக்கு நான் உபதேசம் செய்யப் போவதில்லை. பாபா இரண்டு துறைகளிலும் தன் கையை மடக்கிக்கொண்டு, மற்றவர்கள் வேலை செய்ய இடம் அமைத்துக் கொடுத்தவர்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் இந்த ஊரில் என்னை மன்னிக்க மாட்டீர்கள். இங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கல்பாக்கம் அணுமின் நிலையம். தெற்கே குமரி முனைப் பக்கம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மணலில் தோரியம். இரண்டையும் ஒரே திட்டத்தில் கோத்தவர் பாபா. 1964 அக்டோபரில் சீனா அணுகுண்டு வெடித்த சில நாட்களில், வானொலியில் குண்டு ஒன்றுக்கு ஆகக்கூடிய செலவை ரூபாய்க் கணக்கில் சொன்னவரும் அவர்தான். ஆயுத ஒழிப்பையும் அதே பேச்சில் வற்புறுத்தினார் என்பது உண்மை. ஆனால் மக்கள் மனத்தில் நின்றது செலவுக் கணக்குத்தான். கலை மனிதனைச் சாதுவாக்கும் என்று நம்மில் பலருக்கு ஒரு நம்பிக்கை உண்டு. மொசார்ட் கேட்டவர் அணுகுண்டுக் கணக்கையும் போட்டார். அணு உலையை எதிர்த்து இடிந்தகரையில் உண்ணாவிரதம் இருந்த மீனவப் பெண்கள் கேட்ட கேள்விகளுக்கு ஹுசைனின் சுவரோவியம் பதிலாகாது. பாபாவை வியக்கிறவர்கள் இதையும் சேர்த்தே வியக்க வேண்டும், அல்லது விவாதிக்க வேண்டும்.

1966 ஜனவரி 24-ஆம் தேதி, வியன்னாவுக்குக் கூட்டத்துக்குப் போகும் வழியில், ஏர் இந்தியாவின் ‘கஞ்சன்ஜங்கா’ விமானம் மோன் பிளாங் மலையில் மோதி அவர் இறந்தார். வயது ஐம்பத்தாறு. அன்றுதான் இந்திரா காந்தி முதன்முறையாகப் பிரதமராகப் பதவியேற்றார். மலபார் குன்றில் பாபா வாழ்ந்த ‘மெஹரான்கிர்’ வீட்டை நினைவகமாக்க வேண்டும் என்று பலர் கேட்டார்கள். 2014-இல் அது 372 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது, 2016-இல் இடிக்கப்பட்டது. தம்பி ஜம்ஷெட் உருவாக்கிய நிகழ்கலை மையத்துக்கு அந்தப் பணம் போனது என்பதால் முழு நஷ்டம் என்று சொல்ல முடியாது.

இப்போது நம் ஊர். கட்டிடத்துக்குள் கணக்கும் கண்ணும் சேர்ந்திருப்பதைப் பார்க்க நீங்கள் பம்பாய் போக வேண்டியதில்லை. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி இங்கேயே இருக்கிறது. கட்டிடக் கலைஞர்கள் அந்தோனின் ரேமண்டும் ஜார்ஜ் நகாஷிமாவும் முப்பதுகளின் இறுதியில் தொடங்கிய வேலை. இந்தியாவின் ஆரம்பகாலக் கான்கிரீட் கட்டிடங்களில் ஒன்று. தெற்கும் வடக்கும் பார்த்த நீண்ட முகங்களில் கண்ணாடிச் சன்னல் கிடையாது. சுவர் முழுவதும் கிடைமட்டமாக அடுக்கிய பலகைகள். திருப்பினால் காற்று வரும், சாய்த்தால் வெயில் நிற்கும். நினைத்தபோது உள்ளே போய்ப் பார்க்க முடியாது, தெருவில் நின்று பார்த்தாலே விஷயம் புரியும்.

ஆனால் நம் பிள்ளைகளுக்குப் பதினொன்றாம் வகுப்பில் ‘குரூப்’ எடுக்கும் நாளிலேயே கணக்கு, கலை இரண்டையும் தனித்தனியாக அறுத்துவிடுகிறோம். நுண்கலை படிக்க அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம், பொறியியல் படிக்கப் பிள்ளைச்சாவடி. ஊரின் தெற்கு ஓரமும் வடக்கு ஓரமும். ஒருவர் வளாகத்தை ஒருவர் பார்க்காமலே பட்டம் வாங்கிவிடலாம்.

பிரான்சில் 1951-இல் ஓர் ஆணை வந்தது. கல்விக்கூடம் கட்டினால் கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒரு பங்கைக் கலைப்படைப்புக்குச் செலவிட வேண்டும் என்பது அதன் சாரம். அப்போது இந்தக் கடற்கரையில் பறந்தது பிரெஞ்சுக் கொடி. பாபா அதைப் பார்த்துத்தான் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஒரே காலத்தில் இரண்டு இடங்களில் ஒரே கணக்கு போடப்பட்டது. கொடி இறங்கியபோது பிரெஞ்சுச் சட்டங்கள் சிலவற்றை நாம் பத்திரமாக வைத்துக்கொண்டோம், இதை யாரும் கேட்கவில்லை.

இந்த அவையில் பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் சிலர் இருக்கிறார்கள் என்று அறிகிறேன். உங்களுக்கு எஸ்டிமேட் போடுவது தினசரி வேலை. சிவில், மின்சாரம், குடிநீர், எதிர்பாராச் செலவினம் என்று தலைப்புகள் வரும். இருபது கோடி ரூபாயில் ஒரு கல்லூரிக் கட்டிடம் என்று வையுங்கள். நூற்றில் ஒரு பங்கு இருபது லட்சம். வில்லியனூர்ச் சுடுமண் கலைஞர்களும் அரியாங்குப்பத்து மாணவர்களும் சேர்ந்து ஒரு முகப்புச் சுவரை அந்தத் தொகையில் தாராளமாக முடித்துத் தருவார்கள். அதற்கு எஸ்டிமேட்டில் ஒரு வரி வேண்டும். எந்தத் தலைப்பில் சேர்ப்பது, தணிக்கையில் யார் ஆட்சேபிப்பார், டெண்டர் விடாமல் ஒரு குயவருக்கு வேலை கொடுக்க விதி இடம் கொடுக்குமா என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். கேள்வி நேரத்தில் நீங்கள் பேசுங்கள், நான் குறித்துக்கொள்கிறேன்.